உங்கள் பக்கம் நின்று நான் பாடிய ஏசல்

வாயால் ஒருநாளும் என்னை விட்டுவைக்காத, மனதால் ஒருநாளும் கைவிடாத என் சம்பந்தியம்மா மாரியாயிக்கு,

நீங்கள் போன பிறகு இங்கே நடந்த நல்லதையெல்லாம் முதலில் ஒப்பித்துவிடுகிறேன். நம் மூத்த பேரன் ரவி பண்டாரவளையில் ஒரு பேங்கில் சேர்ந்துவிட்டான். கழுத்தில் டை கட்டித்தான் போகிறான். அவன் தங்கச்சி லுணுகலையில் டீச்சர். நியமனக் கடிதம் வந்த அன்று தோட்டத்து லயத்து வரிசையில் ஒரு வீடு விடாமல் நானே கொண்டுபோய்க் காட்டினேன், வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் காட்டினேன். கடைக்குட்டி தர்ஷினி சாதாரண தரப் பரீட்சையில் எல்லாப் பாடமும் பாஸ், சங்கீதத்துக்கு ஏ. உங்கள் மகன் சந்திரனைக் கத்தாரில் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். அவன் மகள் பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்திருக்கிறாள். அந்த வாய் எந்த வீட்டிலிருந்து போனது என்று நான் சொல்லத் தேவையில்லை.

சந்திரனிடம் புதுப் போட்டோ ஒன்று தபாலில் போடு என்று கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். கேட்டால், "அதான் போன்ல பாக்குறீங்களே அத்த" என்கிறான். போனில் பார்த்ததை எந்தச் சுவரில் ஆணி அடித்து மாட்டுவது? சூப்பர்வைசருக்கு இது விளங்கவில்லை. போகட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பதுளை டவுனில் ஒரு மண்டபத்தில், ஊர் கூடியிருந்த இடத்தில், தர்ஷினி உங்களை ஏசி ஒரு பாட்டுப் பாடினாள். ஆமாம், உங்களைத்தான். செத்துப்போன அம்மாயியை, தன் அம்மாவைப் பெற்றவளை. உங்கள் தெமோதரைப் பக்கத்திலிருந்து யாராவது அங்கே வந்து சேர்ந்து, கதையைத் திருகிச் சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக் கூடை தூக்கியவள் எழுதுவது. எழுத்து கோணல், விஷயம் நேர். தர்ஷினி இதைப் போனில் தட்டி நாலு பேர் பார்க்கப் போடப்போகிறாளாம். போடட்டும். பார்க்க வேண்டிய ஆட்களும் பார்க்கட்டும்.

ஆகஸ்ட் லீவில் கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் வந்து பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதவும் பாடவும் சொல்லிக் கொடுக்கப் போகிறது என்றார்கள். மண்டபத்து வாசலில் 'கோடைகால இசை முகாம்' என்று பெரிய துணி கட்டினார்கள். நமக்கு அது கச்சான் காற்றுக் காலம், கூரைத் தகரத்துக்குக் கல் தூக்கி வைக்கிற காலம். அவர்களுக்கு அது கோடை. துணியை இரண்டாம் நாளே காற்று அவிழ்த்துக்கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டில் போட்டது. அதைக்கூட யாரும் தேடி எடுக்கவில்லை, ஒரு வடைக் கடைக்காரர் மடித்து வைத்துக்கொண்டார்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் நிமலன் மாஸ்டர். என் கொண்டையைவிட அவர் கொண்டை பெரிது. கோயில் மரத்தில் நேர்த்திக்குக் கட்டுகிற மாதிரி கை நிறையக் கயிறு. எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு 'ஃபீல்' என்பார். பாட்டில் ஃபீல் வேண்டும், மூச்சில் ஃபீல் வேண்டும், நிற்கிறபோது ஃபீல் வேண்டும். முதல் நாள் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து மூச்சு விட மட்டுமே பழக்கினாராம். தர்ஷினி வீட்டுக்கு வந்து எனக்குச் செய்து காட்டினாள்.

"மூச்சு விடப் பழக்குனாங்க அப்பாயி."

"இத்தன நாளா நீ என்னத்த விட்டுக்கிட்டு இருந்த?"

ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டால் பாவம். தாளம் பிடிக்கிறது எப்படி, பல்லவியைத் திரும்ப எங்கே கொண்டுவந்து விடுகிறது, கிட்டாரில் விரல் வைக்கிறது எப்படி என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு வந்தது. எங்கள் ஸ்பிரிங்வெளியிலிருந்தும் தெமோதரையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் பஸ் ஏறிப் போன பிள்ளைகள் சும்மா திரும்பி வரவில்லை. கோளாறு அதற்குப் பிறகுதான்.

"உங்கள் வலியை எழுதுங்கள்" என்று சொன்னாராம் மாஸ்டர். முழங்கால் வலி எனக்கு. பதினாறு வயதுக்காரிக்கு என்ன வலி? பிள்ளைகள் அவரவர்க்குத் தெரிந்ததை எழுதினார்கள். லுணுகலைப் பையன் ஒருவன், போனுக்குச் சிக்னல் பிடிக்கத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்து, அங்கிருந்தே அம்மாவிடம் ஏச்சு வாங்குவதைப் பாட்டாகக் கட்டியிருந்தான். நல்ல பாட்டாம், எல்லாரும் சிரித்தார்களாம். மாஸ்டர் அதை வாங்கி, 'எங்கள் குரல் எட்டாத மலை' என்று ஆக்கிக் கொடுத்துவிட்டார். தெமோதரைப் பெண் ஒருத்தி ரயிலில் வருகிற வெள்ளைக்காரர்களைப் பார்த்துக் கை காட்டுவதைப் பாடினாள். அதிலும் கடைசியில் ரயில் போய்விட்டது, கண்ணீர் நின்றுவிட்டது. எந்தப் பாட்டை உள்ளே போட்டாலும் அழுகையாகத்தான் வெளியே வந்தது. ஃபாக்டரியில் எந்த மலைக் கொழுந்தைக் கொட்டினாலும் தூளாக வருகிற மாதிரி.

பிறகு ஒருநாள், 'நீங்கள் இழந்த ஒருவரைப் பற்றி எழுதிக்கொண்டு வாருங்கள்' என்றாராம். தர்ஷினி வாசல்படியில் உட்கார்ந்து எழுதினாள், அடித்தாள், காலால் தாளம் தட்டினாள். உங்கள் மகள் வள்ளி உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தர்ஷினி எழுந்து போய் அம்மாவின் முன்னால் நின்றாள். உங்கள் மகளின் முகத்துக்கு நேரே இப்படிப் பாடினாள்:

அம்மாயி சுட்ட ரொட்டி ஆட்டுக்கல்லு போல ரொட்டி
கடிச்ச பல்லு ரெண்டும் காணோமுங்க – அத
கட்டி வச்சா செவருக்காகும் வாங்கிக்கோங்க.

மழ பேஞ்சா கொடைய மூடும் மகராசி அம்மாயி
கொட நனஞ்சா கொறஞ்சிடுமா – அம்மாயி
நீ நனஞ்சா மட்டும் நெறஞ்சிடுமா?

நீங்கள் அந்தக் கறுப்புக் குடையை மழை வந்தால் மடித்துச் சேலைக்குள் வைத்துக்கொண்டு, நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு ஓடுகிறது அவளுக்கு நினைவிருக்கிறது, பாருங்கள்.

வள்ளி கையில் தேங்காய் மூடியோடு எழுந்துவிட்டாள். "அடியே, செத்தவங்கள இப்படியா பேசுறது?" கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது.

"சிரிச்சுக்கிட்டே ஏசாதம்மா" என்றாள் தர்ஷினி. "இன்னும் ஒண்ணு இருக்கு."

அந்த மூன்றாவதைப் பாடினாள். அதைப் பிறகு எழுதுகிறேன். அதைக் கேட்டதும் வள்ளி சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

நான் அடுப்படியில் உட்கார்ந்திருந்தவள், "யாருடி ஒனக்கு ஏசல் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல. நீங்க ரெண்டு பேரும் பேசுறத கேட்டுக்கிட்டுதானே வளந்தேன்."

இதை வாசிக்கிற இளசுகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும், நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டி முடிந்ததும் பெண் வீட்டுப் பெண்கள் ஒரு பக்கமும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒரு பக்கமும் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பாட்டில் ஏசிக்கொள்வோம். கோபமில்லை, உறவு கட்டுகிற வேலை அது. ஒரு பக்கம் ஏசினால் மறுபக்கம் பதில் பாட வேண்டும். பதில் பாடாமல் பாயை விட்டு எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் அது ஆளில்லாத வீடு. அந்தப் பேர் அந்த வீட்டைவிட்டுப் போகாது. அதற்காகவே வாயாடி அத்தைமாரை வேன் பிடித்துக் கூட்டிப்போவார்கள். மகள் இருக்கிற வீட்டுக்கு அயலார் பதில் பாடவும் கூடாது.

என் மகன் முருகேசுக்கும் உங்கள் வள்ளிக்கும் தெமோதரை லயத்துப் பந்தலில் கல்யாணம் நடந்த அன்று நீங்கள் என் மூக்கைப் பிடித்தீர்கள். சம்பந்தியம்மா வருவதற்கு முன்னால் அவர் மூக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று பாடினீர்கள். உங்கள் வீட்டுச் சாம்பாரில் பருப்பைத் தேட டோர்ச் லைட் வேண்டும் என்று நான் திருப்பிக் கொடுத்தேன். சோறு ஆறிப்போயிற்று, நாம் இருவரும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு ஆரம்பித்த ஏசல்தான். நீங்கள் கட்டிலில் விழுகிறவரை நடந்தது. கடைசிப் பேச்சு உங்களுடையதா என்னுடையதா என்று எனக்கே நினைவில்லை.

மறுநாள் தர்ஷினி பாட்டை மாஸ்டரிடம் பாடிக் காட்டினாள். பிள்ளைகள் கை தட்டினார்களாம். மாஸ்டர் தட்டவில்லை. "தர்ஷினி, இது ரொம்ப நெகட்டிவ். இறந்துபோன ஒருவரைக் கேலி செய்கிற மாதிரி இருக்கிறது. உங்கள் அம்மாயியின் கஷ்டம் எங்கே? வலி எங்கே?" என்று கேட்டுவிட்டு, அவரே ஒரு மத்தியானத்தில் உங்களைப் பற்றி ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். உங்களை அவர் பார்த்ததே இல்லை. அதைக் கேளுங்கள்:

அட்டை கடித்த பாதம் – அம்மாயி
கூடை சுமந்த சோகம்
கண்ணீரில் கொழுந்தைக் கழுவி
காலமெல்லாம் அழுத தேகம்.

கொழுந்தை எந்த ஊரில் கழுவுகிறார்கள், சம்பந்தியம்மா? மழையில் நனைந்த கொழுந்துக்கே தண்ணீர் என்று நிறுவையில் வெட்டுவார்கள். இதில் கண்ணீர் விட்டு வேறு கழுவினால் அந்த நாள் கூலிக்குப் பேர் விழுமா? அட்டை கடித்தால் நீங்கள் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு அடுத்த நிரைக்குப் போவீர்கள். போகிற போக்கில் கங்காணியின் நடையைப் பார்த்து, "அட்ட அவர கடிக்காது, அதுக்கும் ருசி இருக்குல்ல" என்று சொல்லி மலையையே சிரிக்கவைப்பீர்கள். காலமெல்லாம் அழுத தேகமாம். வள்ளியை எங்கள் வீட்டுக்கு அனுப்பிய அன்று நீங்கள் அழுததைப் பார்த்தேன். மூக்கைச் சிந்தி முடிக்குமுன்னே, என் பக்கத்துப் பந்தியில் அப்பளம் உடைந்ததாக வைத்தான் என்று பரிமாறியவனைப் பிடித்துவிட்டீர்கள். அழுவதற்கு உங்களுக்கு எங்கே நேரம் இருந்தது?

ஆனால் விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை. முகாமில் நல்ல குரல் தர்ஷினிக்குத்தான். கடைசி நாள் நிகழ்ச்சியில் அவள்தான் முதலில் பாட வேண்டும். நன்றாகப் பாடுகிற ஒரு பிள்ளையைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் ஸ்டூடியோவில் பாட்டை ரெக்கோர்ட் செய்யப்போகிறார்கள். அந்தப் பிள்ளை தர்ஷினி என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது, மாஸ்டர் கொடுத்த சொல்லைப் பாடினால். தன் சொல்லைத்தான் பாடுவேன் என்றால் கடைசியில் எல்லாரோடும் நின்று கை தட்டிவிட்டு வீட்டுக்கு வரலாம்.

அவள் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. உங்கள் பேத்தி வாய் திறக்காமல் இருந்தாள் என்றால் நிலைமையை விளங்கிக்கொள்ளுங்கள்.

முருகேசு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, "ஒரு பாட்டுதானே, அவரு சொல்றத பாடிட்டுப் போயேன். கொழும்பு சும்மா கெடைக்குமா?" என்றான். என் வயிற்றில் பிறந்தவன். வளைவு வந்தால் வேகத்தைக் குறைக்கத் தெரியும், வேறு ஒன்றும் தெரியாது.

"நீங்க சொல்லுங்க அப்பாயி" என்று என்னிடம் வந்தாள்.

"நா எதுக்கு சொல்லணும்? ஒன் அம்மாயி. ஒன் வாயி."

அதற்கு மேல் சொல்லியிருந்தால் பிறகு நல்லதோ கெட்டதோ என் தலையில்தான் விடியும்.

இதற்கிடையில் மாஸ்டரே வீட்டுக்கு வந்தார். பாட்டுக்குப் பின்னால் ஓடவிடப் படம் வேண்டுமாம். கூட ஒரு கேமராக்காரர்.

"பாட்டி, ஒரு கூடையை மாட்டிக்கொண்டு இப்படி வெளிச்சத்தில் நில்லுங்களேன்."

"நா வேலைய விட்டு ரொம்ப நாளாச்சுங்க. கூடைய இப்ப கோழி மூடத்தான் வச்சிருக்கேன்."

"பரவாயில்லை, பழைய கூடை என்றால் இன்னும் நல்லது."

"அப்ப கோழிய யாரு புடிச்சுக்கிறது, நீங்களா, படம் புடிக்கிறவரா?"

கேமராக்காரர் கோழியைப் பார்த்தார். கோழியும் அவரைப் பார்த்தது. கூடைப் பேச்சு அதோடு முடிந்தது. மாஸ்டர் தேத்தண்ணி குடித்தார். உங்களைப் பற்றிக் கேட்டார்.

"தர்ஷினியின் அம்மாயி எப்படி இருந்தார்கள்?"

"கறுப்பா இருந்தாங்க. வாய் மட்டும் செவப்பு."

"இல்லை பாட்டி, அவர்களுடைய வாழ்க்கை... சரி, ஒரு ஒப்பாரி பாடிக் காட்டுங்களேன். பதிவு செய்துகொள்கிறேன்."

"யாரு செத்தா?"

"யாரும் சாகவில்லை. சும்மா."

"சும்மா ஒப்பாரி வச்சா வீட்டுல ஒரு ஆளு கொறையும்னு சொல்லுவாங்க. யார கொறைக்கட்டும், நீங்களே பாத்து சொல்லுங்க."

வள்ளி கதவுக்குப் பின்னால் போய்விட்டாள், தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. மாஸ்டருக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். அவர் போனை எடுத்து, "நல்ல லைன்" என்று அதை எழுதிக்கொண்டார். இந்த ஆளை எதால் அடிப்பது?

போகும்போது என் பக்கத்தில் குனிந்து மரியாதையாகத்தான் சொன்னார்: "சனங்கள் அழ வேண்டும் பாட்டி. அழுதால்தான் நாலு பேர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள்."

"திரும்பிப் பாத்து?"

அவர் கை மணிக்கூட்டைப் பார்த்தார். நான் கேட்டது கிண்டலுக்கு இல்லை, சம்பந்தியம்மா. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். நம்மைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஏன் நம் கண்ணையே பார்க்கிறார்கள்? நமக்கு வாய் என்று ஒன்று இருப்பது ஏன் ஒருவருக்கும் தெரிவதில்லை?

கடைசி நாள். தெமோதரையிலிருந்து உங்கள் லயத்துப் பெண்கள் ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். மாரியாயியைப் பற்றி டவுனில் பாட்டாம் என்று கேள்விப்பட்டு, இருக்கிற சேலையில் நல்லதைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். முன் வரிசையில் வெளியூர் ஆட்கள், கண்ணாடி, கழுத்தில் பெயர் அட்டை. விளக்கேற்ற முடியவில்லை, காற்று விடவில்லை. ஒருவர் திரியைக் கையால் மறைக்க, ஒருவர் ஏற்ற, ஒருவர் படம் எடுக்க, அதற்கே ஒரு பொழுது போயிற்று. பிறகு பேச்சு. பிறகு இன்னொரு பேச்சு. பாட்டு முகாமில் பாட்டைத் தவிர எல்லாம் நடந்தது.

தர்ஷினி மேடைக்கு வந்தாள். பாவாடை தாவணி, அவர்கள் கட்டச் சொன்னது. ஒரு பையன் கிட்டாரை மெதுவாகத் தட்டினான். "அட்டை கடித்த பாதம்" என்று ஆரம்பித்தாள்.

அவள் அதைத்தான் பாடப்போகிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மனசு கொஞ்சம் கீழே போனது. ஆனால் குற்றம் சொல்ல மாட்டேன். கொழும்பு என்றால் சும்மாவா? குரல் நன்றாக இருந்தது. முன் வரிசையில் ஒரு அம்மா கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

உங்கள் லயத்துப் பெண்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

"இது யாரப் பத்தி?"

"மாரியாயியப் பத்தித்தான்."

"எந்த மாரியாயி?"

மண்டபம் முழுக்கக் கேட்டது. மேடையிலும் கேட்டது. தர்ஷினி அவர்களைப் பார்த்தாள். அடுத்த வரிக்கு எடுத்த மூச்சை அப்படியே விட்டாள். கிட்டார்க்காரப் பையன் கொஞ்ச நேரம் தனியாக வாசித்துவிட்டு, பயந்து நிறுத்தினான். திரைக்கு ஓரத்தில் மாஸ்டர் இரண்டு கையாலும் 'பாடு, பாடு' என்று காட்டுகிறார். வள்ளி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தர்ஷினி பையனிடம் குனிந்து ஏதோ சொன்னாள். தாவணி முனையை இடுப்பில் செருகினாள். செருகிவிட்டு, உங்கள் ரொட்டிப் பாட்டை எடுத்தாள்.

முதல் அடி முடியுமுன்பே வேனில் வந்தவர்கள் கூச்சல் போட்டுவிட்டார்கள். "ஆமா, இவதான் மாரியாயி" என்று ஒருத்தி எழுந்தே நின்றாள். பல்லைப் பற்றிப் பாடியபோது ஒருத்தி தன் பல்லைத் தொட்டுப் பார்த்தாள். குடைக்கு எல்லாரும் சிரித்த சிரிப்பில் கிட்டார் சத்தம் கேட்கவில்லை. கைக்குட்டை அம்மாவுக்கு அதைக் கண்ணில் வைப்பதா கீழே வைப்பதா என்று தெரியவில்லை. அதன் பிறகு மூன்றாவது வந்தது. கிட்டார் இல்லாமல் பாடினாள்:

போயிட்டு வாரேன்னு சொல்லாம போனவளே
வாய மூடத் தெரியாத அம்மாயி – இப்ப
வாய் தொறக்க மாட்டியாடி பதில் சொல்ல?

பாடிவிட்டு வலது கையை முன்னால் நீட்டி, தலையைச் சாய்த்து நின்றாள். கல்யாணப் பந்தலில் நீங்கள் என்னைப் பார்த்து நின்றீர்களே, அதே நிற்பு. அந்தக் கல்யாணம் நடந்தபோது அவள் பிறக்கவே இல்லை.

முன் வரிசையில் கை தட்டினார்கள், பாட்டு முடிந்தது என்று நினைத்து. நம் ஆட்கள் ஒருவர்கூடத் தட்டவில்லை. ஏசல் முடியவில்லையே. பதில் வர வேண்டுமே. எல்லாரும் திரும்பி வள்ளியைப் பார்த்தார்கள். சந்திரன் கத்தாரில். உங்கள் வீட்டுக்கு அந்த மண்டபத்தில் இருந்த ஒரே ஆள் அவள். வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. திரும்பவும் திறந்தாள். உங்களுக்கு இப்படி ஒரு மகள் எப்படிப் பிறந்தாள் என்று நான் உங்களிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். தர்ஷினி கையை நீட்டியபடியே நிற்கிறாள்.

உள்ளதைச் சொல்கிறேன். நான் ஜெயித்திருந்தேன். மாரியாயி வீட்டில் பதிலுக்கு ஆளில்லை என்று ஊர் முன்னால் ஆகிவிட்டது. நான் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான். இத்தனை வருஷமாக உங்களை ஒரு தடவையாவது வாயடைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது தெரியுமா? பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். உங்கள் பக்கம் நின்று, உங்கள் வாயாகப் பாடினேன். அயலார் பாடக் கூடாதுதான். சம்பந்தி அயலாளா, இல்லையா என்பதை ஊர் உட்கார்ந்து பேசட்டும்.

ஒங்கப்பாயி சுட்ட தோச ஒட்டிக்கிச்சு சட்டியோட
சட்டியோட தின்ன வாயி தர்ஷினி – எங்க
ரொட்டியில கொற சொல்ல வந்துச்சாடி?

என் வாயால் என் தோசையை ஏசினேன், சம்பந்தியம்மா. உங்கள் வேன்காரிகள் குலவை போட்டார்கள். என் லயத்து ஆட்கள் என்னைத் துரோகியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். குடைக்கும் ஒரு பதில் சொன்னேன். அதை இங்கே எழுதினால் உங்கள் மருமகன் மானம் போய்விடும், விட்டுவிடுகிறேன். பிறகு அந்த மூன்றாவதற்கு வந்தேன். அதற்குப் பதில் என்னிடம் இருக்கவில்லை. வாயைத் திறந்தேன், வந்தது. எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

போயிட்டு வாரேன்னு எதுக்கடி சொல்லணும்
வாசலத் தாண்டலயே அம்மாயி – ஒன்
வாயில குந்திக்கிட்டு ஏசுறேனே.

தர்ஷினி கையை இறக்கினாள். இறக்கி, முகத்தை மூடிக்கொண்டாள். அதன் பிறகுதான் நம் ஆட்கள் கை தட்டினார்கள்.

மாஸ்டர் உடனே மைக்கைப் பிடித்துக்கொண்டு, சபையும் மேடையும் ஒன்றாகிற இந்த முறையைத்தான் முகாமில் பழக்கியதாகச் சொன்னார். முன் வரிசை அவருக்காக எழுந்து நின்று கை தட்டியது. அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை, அதை அவர் நம்பிவிட்டார். கொழும்புக்கு லுணுகலைப் பையனைத் தெரிவு செய்தார்கள். 'குரல் எட்டாத மலை'யைப் பாடப்போகிறான். பாவம், தண்ணீர்த் தொட்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறான்.

பஸ்ஸில் தர்ஷினி ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். "கொழும்பு போச்சே அப்பாயி" என்றாள். நான் சமாதானம் சொல்லவில்லை. அழட்டும். அது அவளுடைய அழுகை, யாரும் எழுதிக் கொடுத்தது இல்லை.

நானும் வள்ளியும் அவளுக்குப் பின் சீட்டில். வள்ளி டவுனை விட்டதிலிருந்து கையிலிருந்த டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே வந்தாள். ஸ்பிரிங்வெளி வளைவு ஏறும்போது, வெளியே பார்த்தபடி, முனகுகிற மாதிரி இழுத்தாள். முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

ஒட்டாம தோச சுட ஒருநாளும் தெரியலயே
ஊரு முன்னால பாட மட்டும் – எங்க அத்தைக்கு
ஒடனே எந்திரிக்கத் தெரிஞ்சிருச்சே.

அழுதுகொண்டிருந்த தர்ஷினி திரும்பிப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உங்கள் மகள் என்னை ஏசுகிறாள், சம்பந்தியம்மா. மருமகளாக வந்து இத்தனை காலத்தில், "சரிங்க அத்த" என்பதைத் தவிர என்னிடம் ஒன்றும் பேசாத உங்கள் மகள். காது வரைக்கும் சிவந்துபோய், மூக்கு வியர்த்து, வலது கையை என் மடிக்கு மேலே நீட்டிக்கொண்டு, பதிலுக்குப் பார்க்கிறாள்.

பஸ் நின்றது. எங்கள் இடம். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. நல்ல பதில், உங்கள் மகள் ஒரு மாதத்துக்கு மறக்க மாட்டாள். கண்டக்டர், "எறங்குங்க, எறங்குங்க" என்கிறார். தர்ஷினி கண்ணைத் துடைத்துவிட்டு, "அப்பாயி, பதில் சொல்லாம எந்திரிக்கக் கூடாது" என்றாள்.

நான் எழுந்தேன். பையை எடுத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிட்டேன். பின்னால் பஸ்ஸுக்குள்ளே என் பேத்தி போட்ட குலவை ஃபாக்டரி வரைக்கும் கேட்டிருக்கும். உங்கள் வீட்டுக்கு ஆள் இருக்கிறது.

அந்தப் பதிலை இங்கே யாரிடமும் சொல்ல மாட்டேன், சத்தியம். நான் அங்கே வரும்போது மறக்காமல் கொண்டுவருகிறேன். அதுவரை என் மூக்கைப் பற்றி அங்கே யாரிடமும் பேசாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமியார், உங்கள் பேத்தியின் அப்பாயி,
உங்களிடம் இந்த ஒருமுறை மட்டும் தோற்ற சம்பந்தி
பாக்கியம்
ஸ்பிரிங்வெளி